மூன்று இஞ்சு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று ஊர் உலகத்தில் சொல்வார்கள். சங்கரன்கோவிலில் புளியங்குடி ரோட்டை ஒட்டிய அரசு ஊழியர் நகரில் அதற்கு முன்னால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார்கள்: கைலாசத்திடம் பிளானைக் காட்டிப் பார்.

அந்த நகரில் மனை வாங்குகிறவர்களின் பத்திரத்திலேயே ஒரு வரி உண்டு. நகராட்சி அனுமதி கொடுத்தாலும், காலனிக் கமிட்டி பிளானைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அஸ்திவாரம் தோண்ட வேண்டும். கமிட்டியில் மூன்று பேர். தலைவர் ஞானதுரை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இரண்டாவது பிரேமலதா, தாலுகா ஆபீசில் வேலை. மூன்றாவது கைலாசம். முதல் இருவரும் டீ குடித்துவிட்டு, கைலாசம் எங்கே கையெழுத்துப் போடுகிறாரோ அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவார்கள். கமிட்டி என்றால் கைலாசம்தான் என்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

பொதுப்பணித்துறையில் முப்பத்தொரு வருஷம் வரைவாளராக இருந்தவர். வயது அறுபத்தேழு. பிளானில் எழுதியிருக்கிற கூட்டுத்தொகையை அவர் நம்புவதே இல்லை. ஒவ்வொரு அளவையும் தானே கூட்டிப் பார்ப்பார். இரண்டு பக்கமும் அஞ்சடி விட்டிருக்கிறதா, மழைத்தண்ணீர் பக்கத்து மனையில் விழுமா, செப்டிக் டேங்க் அடுத்தவன் போர்வெல் பக்கம் வருகிறதா என்று ஒரு மணி நேரம் குடைவார். ஞானதுரையின் மாடிப்படி நான்கு இஞ்சு வெளியே வந்ததற்காக, தலைவர் என்றும் பாராமல் உடைக்க வைத்தவர். ஞானதுரை ஆறு மாதம் பேசவில்லை. பிறகு அவரே, "இந்த மனுசன் இல்லன்னா கமிட்டி எதுக்குவே?" என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

ஆனால் கைலாசம் குறையைச் சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆள் இல்லை. அதற்கு வழியையும் சொல்லி, பிளானின் ஓரத்தில் வரைந்தும் கொடுப்பார். திட்டிக்கொண்டே வீட்டைக் கட்டினவர்கள்கூட புதுமனைப் பத்திரிகையை முதலில் அவருக்குத்தான் வைத்தார்கள். அந்த மரியாதை அவருக்குப் பிடிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

அவருடைய மனைவி பிச்சம்மாள் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். இருபத்து நான்கு வருஷம் தினமும் ஏழே முக்கால் பஸ்ஸில் புளியங்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பேச்சு மட்டும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கக்கூஸ் ஒட்டியிருக்கிற அறை வீட்டில் ஒன்றே ஒன்று, மேற்கு அறை. அதனால் கட்டிலை அங்கேதான் போட முடிந்தது.

அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் பதினான்கு வருஷமாகக் காலி மனை. மனைக்காரர் சென்னையில் இருந்தார். கருவேலம்புதரும் ஆடுகளும் தவிர அங்கே ஒன்றும் இல்லாததால், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தால் குறுக்காகப் பார்த்து ரோடு தெரியும், பஸ் ஸ்டாப் தெரியும். ஏழே முக்கால் வண்டி தாமதமானால் பிச்சம்மாளுக்குத்தான் முதலில் தெரியும். ஆனி, ஆடியில் மலைப் பக்கமிருந்து காற்று நேராக அந்த ஜன்னலுக்குத்தான் வரும். "அவளுக்கு மாத்திர பாதி, அந்த ஜன்னல் பாதி" என்று கைலாசமே சொல்லியிருக்கிறார்.

போன மாசியில் அந்த மனை விலைபோனது. வாங்கினவன் காளிராஜ். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் வியாபாரம் செய்கிறான். கரிவலம்வந்தநல்லூர்க்காரன். அவனுடைய அம்மா முத்துமாரியம்மாள் ஆடு வளர்த்து அவனை ஆளாக்கினவள். வைகாசி இருபத்தொன்று, புதன்கிழமை, வாஸ்து நாள். அன்றைக்குப் பூஜை போட நேரம் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கமிட்டி. வெள்ளிக்கிழமையே காளிராஜ் பிளானைக் கொண்டுவந்து கைலாசத்திடம் கொடுத்துவிட்டுப் போனான்.

கைலாசம் மேஜையில் விரித்து வைத்துக் கூட்டினார். கூட்டும்போதே தப்பு கண்ணில் பட்டது.

நம் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் மனையடி சாஸ்திரம் பார்ப்பார்கள். அறையின் உள்ளளவு இத்தனை அடி என்றால் நல்லது, இத்தனை என்றால் கெடுதல் என்று அதில் ஒரு கணக்கு. ஆறு, எட்டு, பத்து, பதினொன்று நல்லது. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை ஒன்றுமே ஆகாது. பதினாறு மகா விசேஷம். எல்லாரும் உள்ளளவிலேயே பேசிப் பேசி, பிளான் போடுகிறவனும் உள்ளளவையே கூட்டிவிட்டான். ஹால் பதினாறு, படுக்கையறை எட்டு, ஆக இருபத்து நான்கு. பக்கத்துக்கு அஞ்சு அஞ்சாகப் பத்து. மொத்தம் முப்பத்து நான்கு. மனையின் அகலம் முப்பத்தாறு. இரண்டடி மிச்சம் என்று சந்தோஷமாக எழுதி வைத்திருந்தான். சுவரை மறந்துவிட்டான். ஒன்பது இஞ்சுச் சுவர் மூன்று வருகிறது. இரண்டேகால் அடி. இரண்டடி மிச்சம் இல்லை, மூன்று இஞ்சு இடிக்கிறது.

மூன்று இஞ்சுதானே என்று ஹாலைக் குறைக்க முடியாது. பதினாறிலிருந்து இறங்கினால் அடுத்த நல்ல அளவு பதினொன்று. படுக்கையறையைக் குறைக்கலாம் என்றால் எட்டுக்கு அடுத்தது ஆறு. ஆறடி அறையில் கட்டில் போட்டால் ஆள் நிற்க இடமிருக்காது. ஆக, மூன்று இஞ்சுக்காக ஹாலில் அஞ்சடி போகும்.

இதற்கு வழி இருந்தது. பில்லர் போட்டுக் கட்டுகிற வீடு. பாரம் பூராவும் பில்லரும் பீமும் பார்த்துக்கொள்ளும். ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிற சுவரை ஒன்பதுக்குப் பதில் நாலரை இஞ்சாகக் கட்டினால் போதும். நாலரை இஞ்சு மிச்சமாகும், அதில் மூன்று போக ஒன்றரை இஞ்சு கையில் நிற்கும். கைலாசம் பென்சிலை எடுத்தார். எடுத்தவர் கதவு வழியே மேற்கு அறை ஜன்னலைப் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

ஹால் இருப்பது கிழக்குப் பக்கம், அவர் வீட்டை ஒட்டி.

சனிக்கிழமை சாயங்காலம் பழைய பெட்ஷீட்டையும் இரண்டு கம்பையும் எடுத்துக்கொண்டு காலி மனைக்குப் போனார். ஹால் பதினாறு வந்தால் முன்மூலை எங்கே வருமோ அங்கே கம்பை ஊன்றிப் பெட்ஷீட்டைக் கட்டினார். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

"பிச்சம்மா! பஸ் ஸ்டாப் தெரியுதா?"

"பெட்சீட்டுதான் தெரியுது. என்ன கூத்து இது?"

அஞ்சடி மேற்கே நகர்த்தி ஊன்றினார். "இப்ப?"

"தெரியுது. ஒரு பொம்பள கொடையப் பிடிச்சிட்டு நிக்கா."

கைலாசம் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, "சும்மா அளவு பாத்தேன்" என்றார். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞானதுரை வீட்டுக் கார் ஷெட்டில் கமிட்டி கூடியது. காளிராஜும் அம்மாவும் வெளுத்த துணி உடுத்தி, வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்திருந்தார்கள். கையெழுத்து வாங்கிவிட்டு நேரே கோமதியம்மன் கோவிலுக்குப் போகிற திட்டம்.

கைலாசம் தொண்டையைச் செருமினார். "மூணு இஞ்சு இடிக்கு. செவுரக் கூட்டாம விட்டுட்டான். அஞ்சடி விடணும்ங்கது ரூலு."

காளிராஜ் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மூணு இஞ்சுதான அண்ணாச்சி? கொஞ்சம் பாத்து..."

"ஏலே, எம் மாடிப்படி நாலு இஞ்சுக்கே போச்சு" என்றார் ஞானதுரை. "அவரு மனசு எறங்குத ஆளு இல்ல."

முத்துமாரியம்மாளுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் வாடிவிட்டது. "அப்ப பதினாறு இல்லையா? பதினஞ்சே முக்கால்னு வைக்க முடியாதே. பதினஞ்சு ஆகாதுல்லா. பதினொண்ணுக்குல்லா எறங்கணும்."

பிரேமலதாவுக்குப் பாவமாக இருந்தது. "அண்ணாச்சி, நீங்கதான் எப்பவும் ஒரு வழி சொல்லுவியளே. இதுக்கு ஒண்ணும் இல்லையா?"

கைலாசம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்ப சொல்லுததுதான் கமிட்டி வேல. வீடு கட்டிக் குடுக்கதா நம்ம வேல?"

அவர் அப்படிச் சொன்னால் வழி இல்லை என்றுதான் அர்த்தம். முத்துமாரியம்மாள் சேலை முந்தியால் வாயைத் துடைத்துக்கொண்டு, "பதினொண்ணாவே இருக்கட்டும். குடுப்பினை அம்புட்டுதான்" என்றாள். புதுப் பிளானோடு செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். வெற்றிலைத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். கைலாசத்தின் நேர்மையை ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. இத்தனை வருஷம் சேர்த்து வைத்த நல்ல பேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது இத்தனை சுலபமா என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. "ஒனக்கு ஜன்னலு போகாது. அவுங்க ஹாலு பதினொண்ணுதான்" என்றார்.

பிச்சம்மாள் விவரம் கேட்டாள். அவர் சொன்னார். மூன்று இஞ்சு, சாஸ்திரம், பதினொன்று, எல்லாம் சொன்னார். வழியை மட்டும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஒரு வரைவாளரோடு குடித்தனம் பண்ணினவளிடம் சொல்லவா வேண்டும்? அவள் நல்ல கையை நீட்டிக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரைத் தட்டினாள். பொத்தென்று மெலிந்த சத்தம் வந்தது.

"இந்தச் செவுரு எத்தன இஞ்சு?"

கைலாசம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளே சொன்னாள்.

"நாலரை. நம்ம வீட்டுக்கு எடம் பத்தலன்னு நீங்கதான் நாலரை போடச் சொன்னிய. கொத்தனார் மாட்டேன்னான், நீங்க சண்ட போட்டிய. இது நமக்கு மட்டும் தெரிஞ்ச வித்தையாக்கும்?"

"எனக்காகவா செஞ்சேன்? ஒனக்காகத்தான!" என்று கத்திவிட்டார். அந்த வீட்டில் அவர் கத்தி வருஷக்கணக்காயிற்று.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு வேணும்தான். அந்த ஜன்னலு இல்லன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. ஆனா வேணும்னா அந்தப் பொம்பளட்ட நேராப் போயிக் கேட்டிருக்கணும். தெரிஞ்சத மறைச்சி வாங்கினா, அதுல வருத காத்து எனக்கு எறங்குமா?" இவ்வளவையும் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கைலாசம் வண்டியை எடுத்துக்கொண்டு கரிவலம்வந்தநல்லூருக்குப் போனார். காளிராஜ் மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். முத்துமாரியம்மாள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். பதறிப்போய் உள்ளே கூப்பிட்டு, இருக்கிற ஒரு நாற்காலியைப் போட்டாள். உட்கார்ந்ததும் முழங்கால் கட்டிலில் இடித்தது. டேப் வேண்டாம், கண்ணே போதும் கைலாசத்துக்கு. சுவருக்குச் சுவர் ஒன்பதடி. அதற்குள்ளேயே அடுப்பு, அரிசிப் பானை, சாமி படம், மகனின் கல்யாணப் போட்டோ.

"ஒம்பதடி ஆகாதுன்னு கட்டும்போது யாரும் சொல்லல அண்ணாச்சி" என்றாள் அவர் பார்வையைப் பார்த்து. "எங்க வீட்டுக்காரவுக நாப்பத்தொரு வயசுல போயிட்டாக. இருவத்தாறு வருசம் இதுக்குள்ளயே ஓட்டிட்டேன்."

சாஸ்திரத்தைக் கைலாசம் நம்புகிறவர் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஒங்க பதினாறுக்கு வழி இருக்கு" என்றார். "நடுச்செவுர நாலரை இஞ்சாப் போட்டாப் போதும். வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். தெரிஞ்சிட்டே சொல்லல."

முத்துமாரியம்மாள் அப்படியே நின்றாள். "ஏன் அண்ணாச்சி?"

அவர் சொன்னார். வாதம், கட்டில், ஜன்னல், பஸ் ஸ்டாப், பெட்ஷீட் கட்டிப் பார்த்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அறுபத்தேழு வயதில் ஒரு ஆடு மேய்க்கிற பொம்பளைக்கு முன்னால் குற்றவாளியாக உட்கார்ந்திருப்பது அவருக்குச் செருப்படி பட்ட மாதிரி இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். பிறகு, "பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி" என்றாள். "அந்த அக்காவுக்காவ பதினாற விட்டுருதேன்னு சொன்னா நல்லாருக்கும். என்னால முடியாது. கால நீட்டி, கைய வீசி நடக்கணும்னு இம்புட்டு வருசம் கெடந்தாச்சு."

"விடச் சொல்லி நான் வரல. வழியச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் வீட்டுக் கட்டிலிலேயே பிளானை விரித்து, நடுச்சுவரை அடித்து நாலரை என்று எழுதி, பில்லரைக் குறித்து, கையெழுத்தைப் போட்டார். திரும்பி வருகிற வழியில் அந்தப் பிளானோடு ஞானதுரையையும் பிரேமலதாவையும் பார்த்து நடந்ததைச் சொன்னார். ஞானதுரை, "நீருமாவே?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வார்த்தை ஒரு மாதம் கைலாசத்தின் காதில் இருந்தது.

புதன்கிழமை குறித்த நேரத்தில் பூஜை நடந்தது. கோமதியம்மன் கோவில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்னால் கூரைத் தளம் போட்டுவிட வேண்டும் என்று காளிராஜ் ஆட்களை விரட்டினான். ஆனி பிறந்ததும் மலைப்பக்கம் காற்று கிளம்பியது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அதற்கு முன்னோட்டம் மாதிரி கட்டிலின் விரிப்பெல்லாம் பறந்தது. பிச்சம்மாள் முகத்தை ஜன்னலுக்குக் கொடுத்து அதைப் பூராவும் வாங்கிக்கொண்டாள். பில்லர் எழுந்தது, பீம் ஓடியது. பிறகு கிழக்குச் சுவர் வரிசை வரிசையாக ஏறியது. முதலில் ரோட்டில் நடக்கிறவர்களின் கால் மறைந்தது, பிறகு பைக்கில் போகிறவர்கள். ஒரு வியாழக்கிழமை காலையில் பஸ்ஸின் கூரை மட்டும் தெரிந்தது. மத்தியானத்துக்குள் அதுவும் போய்விட்டது.

அன்று சாயங்காலம் கைலாசம் அறைக்குள் போகப் பயந்துகொண்டு வாசலிலேயே நின்றார். அவளே கூப்பிட்டாள்.

"செவுரு தூக்குக்குண்டு பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. நல்ல கொத்தனாரு. அஞ்சடி விட்டிருக்கானான்னு போயிப் பாருங்க."

வேலை கொடுத்தால் மனுஷன் தேறுவார் என்று அவளுக்குத் தெரியும். டேப்பை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு சுவருக்கும் நடுவிலிருக்கிற சந்தில் குனிந்து, எல்லைக்கல்லிலிருந்து பிடித்தார். அஞ்சடி ஒன்றரை இஞ்சு காட்டியது. இன்னொரு இடத்தில் பிடித்தார். அதே ஒன்றரை. மேற்குப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே சரியாக அஞ்சடி.

கை கழுவிக்கொண்டிருந்த கொத்தனாரைக் கேட்டார். "மிச்சத்த ரெண்டு பக்கமும் பங்கு போடலையா?"

"வீட்டுக்கார அம்மா ஒத்துக்கல அண்ணாச்சி. மிச்சம் இருக்கதப் பூரா கெழக்குப் பக்கமாத்தான் விடணும்னு கயிறு அடிக்கும்போது பக்கத்துலயே நின்னுக்கிட்டாவ. ஒண்ணரை இஞ்சுல என்னத்தக் கண்டாவளோ, போங்க."

கைலாசம் வீட்டுக்குள் வந்து அதை அப்படியே சொன்னார். பிச்சம்மாள் கேட்டுவிட்டு எதிரே எழும்பி நின்ற சுவரைப் பார்த்தாள். அவளுடைய கோணிய வாய் இன்னும் கோணிக்கொண்டு, சிரிப்பு வந்தது. ஒன்றரை இஞ்சுக் காற்று என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"சிரிக்காதீங்க. அவகிட்ட மிச்சம் இருந்தது அம்புட்டுதான. இருந்ததப் பூரா நமக்கு விட்டுருக்கா."

கைலாசம் சிரிக்கவில்லை. டேப்பைக் கையில் பிடித்தபடியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார்.